டிரைவருக்குப் பின் சீட்டு

இன்னும் பாலம் கண்ணில்கூடப் படவில்லை, அதற்குள் உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்துவிட்டது. தங்கச்சிமடத்தில் வீட்டுக் கேட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருப்பேன், ஒரு பாட்டு முடியும் தூரம்கூட இல்லை. ஸ்டீயரிங் வழுக்குகிறது. வலது கையைப் பேண்டில் துடைத்துவிட்டு இடது கைக்கு வருவதற்குள் வலது கை மறுபடி நனைந்துவிடுகிறது. துடைப்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. பின்னால் இருப்பவர் என் மாமியார், பாக்கியத்தம்மாள், கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசாதவர். சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. பரமக்குடியில் அவர்கள் வீட்டில் மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. நான் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன், கையெட்டும் தூரத்தில் கரண்டியோடு நிற்பார், "மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று என் மனைவி வாசுகியிடம் சொல்வார். நானும் "போதும்னு சொல்லு" என்பேன். நடுவில் நின்று வாசுகி இரண்டு பக்கமும் தபால் கொடுப்பாள். இன்று வாசுகி காரில் இல்லை, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். அத்தை அசரவில்லை. டேஷ்போர்டில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிள்ளையார் ஒட்டி வைத்திருக்கிறோமே, அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "பிள்ளையாரப்பா, சன்னலைக் கொஞ்சம் ஏத்திவிட்டா நல்லாருக்கும், மண்ணு அடிக்குது." நான் பொத்தானை அழுத்துகிறேன். "அந்தா கருவாடு காயப்போட்டிருக்காக. அந்தா ஒரு ஆடு. அந்தா மாதா கோயிலு, வெள்ளையடிச்சிருக்காக." கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவது அவர் பழக்கம். கூட ஒருதரம் மதுரைக்குப் போய் வந்தால் காது இரண்டும் ஓய்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உட்காரும் இடத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பின் சீட்டில் ஒற்றை ஆளாக ஏறுகிறவர்கள் இடது பக்கமாகத்தானே உட்காருவார்கள், ஏற இறங்க அதுதானே வசதி. இவர் எந்தக் காரானாலும் சுற்றி வந்து டிரைவருக்கு நேர் பின்னால்தான். என் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் முகம் சரியாகத் தெரியாத இடத்தில். என் கழுத்தில் வேர்வை இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு நிச்சயம்.

ஆட்டோ வந்திருக்க வேண்டும். நேற்றே மரியதாஸிடம் சொல்லி வைத்திருந்தேன், மண்டபம் ஸ்டேஷனில் அத்தையை ஏற்றிவிட்டு வந்துவிடு என்று. புது ரயில் பாலம் கட்டுகிறார்கள் என்று ரயில் தீவுக்குள் வருவதில்லை, மண்டபத்தோடு நின்றுவிடுகிறது, கடலைத் தாண்டிப் போய்த்தான் ஏற வேண்டும். இன்று பார்த்து மரியதாஸ் ஆட்டோவில் ஏதோ கேபிள் அறுந்துவிட்டது. வாசுகி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "கார் சும்மாதானே நிக்குது. ஒருதரம் நீங்களே கொண்டுபோய் விட்டா கொறஞ்சா போயிருவீக? வரும்போதும் ஆட்டோ அனுப்புனீக. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா அவுகளுக்கு மனசு இருக்காதா?" என்ன பதில் சொல்வது. மழைக்காலத்தில் இருந்து பதிலாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். டயர் சரியில்லை. கடையில் ஸ்டாக் எடுக்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. ராமநாதபுரத்தில் பெரியப்பா மகன் கிரகப்பிரவேசத்துக்கு வாந்தி பேதி. இந்தத் தீவைவிட்டு வெளியே போக இருப்பது ஒரே ரோடு, அந்த ரோடு பாலத்தின் மேல் போகிறது, அந்தப் பாலத்தில் வண்டி ஓட்ட எனக்குப் பயம், இதை எந்த வாயால் பெண்டாட்டியிடம் சொல்வது. பயம் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தெனாலி படத்து நினைப்பு வரும், சிரித்துவிடுவார்கள். இது அந்தப் பயம் இல்லை. வாசுகி சிரிக்கவும் மாட்டாள், அதுதான் இன்னும் கொடுமை. அவள் அப்பா ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துச் செத்துப்போனவர். நான் ஒருநாள் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலே வாசலில் நிற்பாள். அவளிடம் போய், காரை எடுத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது என்றால் அன்றோடு சாவியும் போச்சு, அவள் தூக்கமும் போச்சு. அதனால் சொல்லவில்லை. அதனால் மட்டுமா? ஆம்பளைக் கௌரவமும்தான், ஒத்துக்கொள்கிறேன், பிள்ளையாரப்பா, நீ யாரிடமும் சொல்லாதே.

"அந்தா பாம்பன் வந்துருச்சு. அந்தா கலங்கரை விளக்கு." தெரிகிறது அத்தை, எனக்கும் கண் இருக்கிறது. மூச்சை எண்ணாதே, எண்ணினால் தப்பிப்போகும். எண்ணாமல் விட்டாலும் தப்பிப்போகிறது. வாயில் ஒரு புதினா மிட்டாய், மடியில் ஐஸ் தண்ணீர்ப் பாட்டில், சட்டைப் பையில் அரை மாத்திரை. மருந்துக்கடைக்காரனுக்கு மாத்திரைக்கா பஞ்சம். ஊருக்கெல்லாம் டாக்டர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவன், என் மாத்திரையை மட்டும் கடையைப் பூட்டியபிறகு திருடனைப்போல எடுத்துக்கொள்கிறேன். தூக்கம் வரும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆக அந்த அரை மாத்திரை பையில் சும்மா இருக்கிறது, தொட்டுப் பார்க்க மட்டும். முதல் தடவை வந்தது ஐப்பசியில். ராமநாதபுரத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், பாலத்தின் உச்சிக்கு ஏறும்போது முன்னால் போன டூரிஸ்ட் பஸ் நின்றுவிட்டது, ஆட்கள் இறங்கிக் கடலையும் ரயில் பாலத்தையும் போட்டோ எடுக்கிறார்கள், பின்னால் லாரி, பக்கத்தில் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை. காற்று வந்து காரை ஒரு தள்ளுத் தள்ளியது. அவ்வளவுதான். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைந்த மாதிரி இருந்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று, காது அடைத்துக்கொண்டது, செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு, நடுப்பாலத்தில் காரை விட்டுவிட்டு, ஓடிப்போய்ச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தி பேசுகிற ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். பின்னால் ஹாரன்கள். அன்று யார் காரை ஓரம் கட்டினார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "இதயம் நல்லா இருக்கு அழகர்சாமி, இது பேனிக் அட்டாக். வரும், உச்சிக்குப் போகும், தானா இறங்கிரும். இதால யாரும் சாகறதில்லை. வரும்போது கண்ணுக்குத் தெரியுற பொருளை வாய்விட்டுச் சொல்லுங்க, மனசு வெளியே வரும்" என்றார் டாக்டர். வாய்விட்டு. மாமியாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, விளக்குக் கம்பம், படகு, கொக்கு என்று கிறுக்கனைப்போல நான் எப்படிச் சொல்ல? அந்த வேலையைத்தான் அத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டாரே, ஓயாமல்.

மாமாவின், வாசுகி அப்பாவின், நினைப்பு வருகிறது. வரக்கூடாது, ஆனால் பாலம் நெருங்க நெருங்க அவர் வந்துவிடுகிறார். நான் அவரைப் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன், காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, மாலை. காளிமுத்து டிரைவர் என்றால் இன்றைக்கும் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் வயசானவர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். முதுகுளத்தூர் ரோட்டில் பஸ் நிறைய ஆள், கண்மாய்க்கரை மேல் போகிறது, நெஞ்சுவலி வந்துவிட்டது. வந்த வலியோடு பஸ்ஸைக் கரைவிட்டு இறக்கி, ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். ஒரு உயிர் போகவில்லை, அவர் உயிரைத் தவிர. பேப்பரில் வந்தது. பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள், அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அத்தை மட்டும் சொன்னதில்லை, யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். மாமாவுக்கு நிஜமாகவே உயிர் போயிற்று, பஸ்ஸை நிறுத்திவிட்டுச் செத்தார். எனக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை, காரை நடுப்பாலத்தில் விட்டுவிட்டு ஓடினேன். அந்த மனுஷனுடைய பெண்டாட்டி இப்போது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். என்னைப்போல ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று ஒருநாள் தெரிந்துகொள்ளத்தான் போகிறார், அது இன்றைக்காக இருந்துவிடக் கூடாது, இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

இதோ ஏறிவிட்டது. டயரின் சத்தமே மாறிவிட்டது, தார் ரோட்டில் வந்த சத்தம் இல்லை, அடியில் ஒன்றும் இல்லாத சத்தம், இணைப்புகளில் தட் தட் என்று. பார்வையை ரோட்டில் வை. சுவரைப் பார்க்காதே. சுவரைப் பார்க்காதே என்றால் சுவர்தான் தெரிகிறது. விளக்குக் கம்பங்களை எண்ணலாம் என்று ஆரம்பித்தேன், நாலாவதிலோ ஐந்தாவதிலோ ஒரு படகு குறுக்கே வந்து எண்ணிக்கை போய்விட்டது, மறுபடி ஒன்றிலிருந்தா, விட்டதிலிருந்தா, விட்டது எது, இதற்குள் மூச்சு மேலே ஏறித் தொண்டையில் நின்றுகொண்டது. இது வெறும் பேனிக், சாகமாட்டாய், டாக்டர் சொன்னார். மாமாவிடமும் எந்த டாக்டராவது ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம் இல்லையா. இடது கை மரக்கிறது. இடது கைதானே, நெஞ்சுவலியில் இடது கைதானே மரக்கும், நானே எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். "அந்தா தண்ணி என்னமா பச்சையா கிடக்கு." பேசாதீர்கள் அத்தை. "அந்தா ஒரு போட்டு. அந்தா கம்பத்துல காக்கா." தயவுசெய்து. உச்சி வருகிறது, முன்னால் ஒரு வேன் வேகம் குறைக்கிறது, சிவப்பு விளக்கு, நிற்காதே, நிற்காதே, நின்றுவிட்டது. கதவு திறந்து பிள்ளைகளும் தொப்பிகளும் இறங்குகின்றன. என் கால் பிரேக்கில் இருக்கிறது, அது என் கால் மாதிரி இல்லை. காற்று வந்து கார் ஒரு ஆட்டம் ஆடுகிறது. பின்னால் ஹாரன். அதே இடம், அன்று பஸ், இன்று வேன், அதே நான். கதவுக் கைப்பிடியில் என் கை எப்போது போனது? வெளியே போக வேண்டும். வெளியே போனால் போதும், மூச்சு இருக்கிறது வெளியே, அத்தை என்ன நினைத்தால் என்ன, ஊர் சிரித்தால் என்ன, வெளியே.

"பிள்ளையாரப்பா, மாப்பிள்ளையக் கதவத் தொறக்க வேணாம்னு சொல்லு."

குரல் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது, சாதாரணமாக, சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி. "எறங்கிட்டா திரும்ப ஏற மனசு வராது. அவுகளுக்கும் இப்பிடித்தான்." எவுகளுக்கு? கை கைப்பிடியிலேயே நிற்கிறது. "பஸ்ஸ எடுக்கணும்னா விடியக்காலைல கொல்லைப்பக்கம் போயிக் குமட்டுவாக. கண்மாய்க்கரைல ஏறுனா கை ரெண்டும் ஆடும், சட்டை நனைஞ்சிரும். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா டிப்போல வண்டியப் புடுங்கிட்டு மூலைல உக்கார வச்சிருவாகன்னு பயம். நான்தேன் டிக்கெட்டு எடுத்துட்டுப் பின் சீட்டுல உக்காந்துக்கிருவேன், அவுக முதுகுக்குப் பின்னாடி. ரோட்டுல என்ன தெரியுதோ அதச் சொல்லிக்கிட்டே வருவேன். அந்தா ஆடு, அந்தா மடை, அந்தா பனமரம். டிரைவர் பொண்டாட்டிக்கு வாய் ஓயாதுன்னு பஸ்ஸே சிரிக்கும். அவுக சிரிக்கமாட்டாக. கேட்டுக்கிட்டே ஓட்டிப்புடுவாக." வேனில் யாரோ பிள்ளைகளை அதட்டி ஏற்றுகிறார்கள். அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னைக்கு வாசுகிக்குக் காய்ச்ச. நான் போகல." நான் கண்ணாடியில் பார்த்தேன், சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, பயத்தில் வந்ததா வேறெதிலா என்று தெரியவில்லை, மாலை போட்ட படத்தில் மீசை முறுக்கியவர் கொல்லைப்பக்கம் குனிந்து நிற்கிறார், வாயைத் துடைத்துக்கொண்டு காக்கிச் சட்டையை மாட்டுகிறார். ஐப்பசியிலிருந்து அந்த ஆளைப் பார்த்து நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேனே. "மாப்பிள்ளை என்னைய அழைக்க வராம ஆட்டோ அனுப்புனாக பாரு, அன்னைக்கே தெரியும் பிள்ளையாரப்பா. வேன் கிளம்பிருச்சு. அந்தா வேனு போகுது." வேன் போகிறது. கால் என் கால்தான். கிளட்ச், கியர், கார் ஒரு குதி குதித்து நகர்ந்தது. "அந்தா கொக்கு. அந்தா ரெண்டு போட்டு. அந்தா கல்லு. அந்தா வெள்ளைக்காரன் ஒருத்தன் சைக்கிள்ல வாரான்." நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஒன்றும் சரியாகிவிடவில்லை, ஆனால் கொக்கு வந்தது, படகு வந்தது, கல் வந்தது, ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. டயரின் சத்தம் மாறியது. மண்டபம்.

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் வைத்தேன், தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். பதினோரு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வாசுகியும் இல்லை, பிள்ளையாரும் காரில் இருக்கிறார், யாரை நடுவில் வைத்துச் சொல்ல. அவர் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சூதானமாப் போயிட்டு வரட்டும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. இங்கே வந்து சேர்வதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே ஒழிய திரும்பிப் போவதைப் பற்றி நினைக்கவேயில்லை, என்ன முட்டாள்தனம். அதே பாலம், இந்த முறை பின்னால் ஒருவரும் இல்லாமல். கண்ணாடியில் பார்த்தால் சீட்டு மட்டும் தெரிகிறது. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொல்லை என்று காலையிலிருந்து நினைத்திருந்தேன், இப்போது யாரும் பார்க்காமல் செத்துப்போவேனோ என்று இருக்கிறது. நானே சொல்லிக்கொண்டு போகலாம், டாக்டர் சொன்னபடி. அந்தா வேப்பமரம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு மாமா தனியாகச் சொல்லிப் பார்த்திருப்பாரோ, கண்மாய்க்கரையில், பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு, மனசுக்குள்ளே, அந்தா மடை, அந்தா பனமரம். உள்ளங்கை வேர்க்கிறது. காரை இங்கேயே போட்டுவிட்டு ஏதாவது பஸ்ஸில் போய்விடலாம், வாசுகியிடம் என்ன சொல்வது, பேட்டரி என்று சொல்லலாம், பேட்டரி இன்னும் சொன்னதில்லை.

பின் கதவு திறந்தது. இடது பக்கத்துக் கதவு இல்லை. என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கதவு. பை உள்ளே வந்தது, அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் அத்தை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு சேலையைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளையாரப்பா, ரயிலு போயிருச்சுன்னு மாப்பிள்ளகிட்டச் சொல்லு. நாளைக்கு வண்டிக்குக் கொண்டாந்து விடச் சொல்லு." நாளைக்கா? நாளைக்குக் கொண்டுவந்து விட்டால் நாளைக்கும் நான் திரும்பிப் போக வேண்டுமே, அப்புறம் நாளன்றைக்கு, இப்படியே இவரை ஏற்றிவிட வந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். காரைப் பின்னால் எடுத்து வளைத்தபோது வேலிக்கு மேலே நீளமாக, பெட்டி பெட்டியாக, ரயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா. "அந்தா ரயி..." என்று ஆரம்பித்துவிட்டார். சட்டென்று நின்றது.

"அந்தா ஒரு ஆடு" என்றார்.

ஆடு எதுவும் இல்லை. முன்னால் ரோடு மட்டும்தான் இருந்தது, ரோட்டின் முடிவில் பாலம்.

"ஆமா அத்தை" என்றேன், வாய்விட்டு. "ஆடு."